மலையில் அவர்களுக்கு என்ன வேலை?

"மலையில் அவர்களுக்கு என்ன வேலை?" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், படித்தவர்கள், மாதம் இரண்டு நாவலாவது வாசிக்கிறவர்கள். நாவலில் கதாநாயகன் மலையேறினால் இவர்கள் மனம் உருகும். அடுத்த வீட்டுப் பெண் மலையேறினால் முகம் சுளிக்கும். இந்தக் கட்டுரை அவர்களோடு சண்டை போடுவதற்காக எழுதப்படுவது. கேட்கிற கேள்வி தவறானதாக இருந்தால் பதில் சரியாக வராது; அதனால் வருகிற நஷ்டம் சாமானியமானதல்ல என்பதனால்தான் இந்தச் சண்டை.

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரிலிருந்து மலையடிவாரம் போனால் குரங்கணி என்று ஓர் ஊர். அதற்கு மேலே, ஏழாயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். சனிக்கிழமை ஏறி, இரவு மேலே தங்கி, ஞாயிற்றுக்கிழமை இறங்கி, திங்கட்கிழமை காலை ஆபீசில் உட்கார்ந்துவிடுவது என்பது திட்டம். சென்னையிலிருந்து ஒரு கூட்டம், ஈரோடு திருப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம். இரண்டும் சேர்ந்து நாற்பதுக்குச் சற்றுக் குறைவான பேர். சென்னைக் கூட்டத்தில் பெண்கள் அதிகம். மகளிர் தினத்தை ஒட்டி ஏற்பாடான பிரயாணம் அது. மற்றக் கூட்டத்தில் புதிதாகக் கல்யாணமானவர்களும் இருந்தார்கள். இறங்கி வருகிற வழியில், காய்ந்த புல் சரிவில், தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. சிலர் அங்கேயே இறந்தார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நாள்கணக்காகக் கிடந்து, ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். மொத்தம் 23 உயிர்.

அந்த மாதம் எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் ஒரு பெரியவர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எனக்கு வேண்டியவர். இலையில் போளி விழுந்து, அதன் மேல் பால் பாயசம் விழுந்துகொண்டிருந்த நேரம்.

"பொம்பளப் பிள்ளைகளுக்கு மலையில என்னவே சோலி?" என்றார்.

நான் பேசாமல் இருந்தேன்.

"ராத்திரி மலையில தங்க விட்டிருக்கான் பாரும். அவனெல்லாம் ஒரு தகப்பனா வே?"

அவர் மட்டுமல்ல, அந்தப் பந்தியில் ஏழெட்டுப் பேர் தலையை ஆட்டினார்கள். பாயசம் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பெரியவர் பதினெட்டு வருஷம் விரதம் இருந்து சபரிமலைக்குப் போய்வந்து, பதினெட்டாவது வருஷம் தென்னங்கன்று கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவர். அவருடைய பக்தியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் கணக்கு என்று வந்தால் எல்லாவற்றையும் ஒரே படியால்தான் அளக்க வேண்டும்.

2011ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, மகரஜோதி பார்த்துவிட்டு இருட்டில் திரும்பிய கூட்டம் புல்மேட்டில் நெரிசலில் சிக்கி, நூறு பேருக்கு மேல் மிதிபட்டு இறந்தார்கள். இறந்தவர்களில் தமிழர்களும் உண்டு. அதற்கு முன்னால் 1999ஆம் வருஷம், அதே ஜனவரி 14ஆம் தேதி, பம்பையில் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கோயம்புத்தூருக்கு மேற்கே வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறப் போகிறவர்களில் சிலர் நெஞ்சடைத்தும் மூச்சடைத்தும் வழியிலேயே விழுகிறார்கள். இதுவும் பத்திரிகையில் வருகிற செய்திதான். இவர்களைப் பற்றி எந்தப் பந்தியிலாவது, "மலையில் அவர்களுக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்டதுண்டா? கேட்கமாட்டார்கள். கேட்கவும் கூடாது. ஐயோ பாவம் என்பார்கள். சர்க்கார் ஏன் வெளிச்சம் போடவில்லை, வழியை ஏன் அகலப்படுத்தவில்லை, ஏன் போலீஸ் இல்லை என்று கேட்பார்கள். அவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். ஆனால் குரங்கணியில் செத்தவர்களுக்கு மட்டும் அந்தக் கேள்விகள் இல்லை. ஐயப்பன் மலையில் இறந்தால் மோட்சம். கொழுக்குமலையில் இறந்தால் கொழுப்பு. இதுதான் நம் நியாயம்.

இதிலே பெண்கள் என்பது வேறு சேர்ந்துகொண்டது. சேராவிட்டால்தான் ஆச்சரியம்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு நான் ஒன்றை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். நம் ஊர்ப் பெண்கள் மலையேறியதே இல்லையா? தாடகைமலைச் சரிவிலும், வேளிமலைச் சரிவிலும், அசம்பு மலை அடிவாரத்திலும் விறகுக்கும் புல்லுக்கும் தழைக்கும் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கியவர்கள் யார்? விடியுமுன்னே எழுந்து, பழைய கஞ்சியைக் குடித்துவிட்டு, அரிவாளும் கயிறும் எடுத்துக்கொண்டு ஏறி, உச்சிவெயிலில் தலையில் ஒரு கட்டு விறகோடு இறங்கி வந்த பெண்களின் வியர்வையில்தான் நம் பாட்டன்மார் வீட்டு அடுப்பு எரிந்தது. பாறையில் வழுக்கி இடுப்பொடிந்து கிடந்தவர்கள் உண்டு. பாம்பு கடித்துப் போனவர்கள் உண்டு. அப்போது எந்தப் பெரியவரும் "மலையில் இவளுக்கு என்ன சோலி?" என்று கேட்கவில்லை. சோலி இருந்தது, ஆகையால் கேட்கவில்லை. பெண்ணின் தலையில் சுமை இருந்தால் மலை அவளுக்குத் தகும். அதே சுமை முதுகுக்கு மாறி, அதற்குள்ளே அவளுடைய சொந்தத் தண்ணீரும் ரொட்டியும் கம்பளியும் இருந்துவிட்டால் மட்டும் நமக்குப் பொறுக்கவில்லை. அடுத்தவர் வீட்டு அடுப்புக்காக ஏறலாம். தன் கண்ணுக்காக ஏறக் கூடாது. என்ன நியாயமையா இது?

சும்மா மலையேறுவது மேற்கத்திய நாகரிகம் என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கொட்டாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மருந்துவாழ் மலைக்கு ஒரு தடவை போய்வரச் சொல்லுகிறேன். அநுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகையில் அதிலிருந்து விழுந்த துண்டு என்று அதைச் சொல்லுவார்கள். ஸ்ரீநாராயண குரு அங்கே பிள்ளைத்தடம் குகையில் தவம் இருந்தார். அவரும் விறகு வெட்டப் போகவில்லை. ஊரையும் உறவையும் விட்டு, உயரமான இடத்தில் காற்றில் நின்று, கீழே கிடக்கிற உலகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இந்த மண்ணிலேயே முளைத்தது. அதைத் துறவி செய்தால் தவம். கம்ப்யூட்டர் முன்னால் வாரம் ஐந்து நாள் கண்ணைக் கெடுத்துக்கொள்கிற பெண் சனி ஞாயிறில் செய்தால் அதற்கு நாம் வைக்கும் பெயர் வேறு.

அகஸ்தியர் மலை விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் சௌகரியமானதை மட்டும் பேசினதாக ஆகும். பொதிகையின் அந்தச் சிகரம் ஆறாயிரம் அடிக்கு மேல். கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் ஏற அனுமதி. பெண்களை உச்சிக்கு விடுவதில்லை என்று நெடுநாள் வைத்திருந்தார்கள். 2018இல் கேரள உயர்நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. 2019 ஜனவரியில் ஒரு பெண்மணி ஏறினார். அப்போது எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் அந்த மலையில் வாழும் காணிக்காரர்களும் உண்டு; அகஸ்தியர் அவர்களுடைய குலதெய்வத்துக்குச் சமானம். மலைக்காரன் சொல்லைக் கேட்க வேண்டும் என்று நான் இனிமேல்தான் வாதாடப் போகிறேன். அப்படியிருக்க இங்கே மட்டும் அவர் சொல்லைத் தள்ளலாமா? தள்ளலாம் என்றுதான் நினைக்கிறேன். எந்த வழியில் போவது, எந்த நேரத்தில் போவது, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்பதெல்லாம் காணிக்காரர் சொல்ல வேண்டியவை. அதில் அவருக்கு மேலே நீதிபதி கிடையாது. யாருடைய கால் அந்த வழியில் படலாம் என்பது வேறு கேள்வி. அதைக் காணிக்காரரும் சொல்ல முடியாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பவரும் சொல்ல முடியாது.

பந்திக்காரர்களோடு என் வழக்கு இவ்வளவுதான். ஆனால் அவர்களோடு சண்டை போட்டதனால் மறுபக்கத்தாரின் வக்கீலாக என்னை யாரும் எண்ணிவிட வேண்டாம். அந்த இளைஞர்களைக் கொழுக்குமலைக்கு அழைத்துக்கொண்டு போனார்களே, அந்த ஏற்பாடு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கோபம்.

ஒரு கூட்டம் எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். தொலைபேசியில் ஒரு செய்தி வருகிறது. பணம் கட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸடியில் ஒருவர் முகத்தை ஒருவர் முதல்முதலாகப் பார்க்கிறார்கள். தலைவன் என்று ஒருவன் இருக்கிறான், நல்ல பையன், பத்து மலை ஏறியவன். அந்தப் பத்தும் அவன் விடுமுறைக்குப் போய்வந்தவை. இந்த மலையில் ஆடி எப்படி, மாசி எப்படி, எந்த ஓடையில் எந்த மாதம் வரை தண்ணீர் கிடக்கும், எந்தச் சரிவில் மாட்டுக்காரன் புல்லுக்குத் தீ வைப்பான் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிய நியாயமில்லை. அவன் கையிலே வரைபடம் இருக்கிறது. வரைபடத்தில் மலை எல்லா மாதத்திலும் பச்சையாகத்தான் இருக்கும்.

முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் அதற்குப் பெயர் பாலை என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் சொல்லிவைத்தார். மணல் இருந்தால்தான் பாலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராஜஸ்தானத்தையும் அரேபியாவையும் படத்தில் பார்த்து வந்த வினை இது. தமிழனுக்குப் பாலை என்பது ஓர் இடமல்ல, ஒரு பருவம். ஐப்பசி கார்த்திகையில் அருவி விழுகிற அதே மலை பங்குனியில் பாலை. கண்ணுக்கு மஞ்சளாக, அழகாக, ஆள் உயரப் புல்லோடு நிற்கும். போட்டோவுக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி கிடையாது. தீக்கு அதைவிடப் பொருத்தமான பண்டமும் கிடையாது.

புல் தீயைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளாமலேயே நம் பிள்ளைகள் மலையேறுகிறார்கள். தீ சமதரையில் நடக்கும், சரிவில் ஓடும். மேல்நோக்கித்தான் ஓடும். சரிவில் ஜ்வாலை மேலே உள்ள புல்லின் மேல் சாய்ந்துகொண்டு அதை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. பகலில் வெயில் ஏறினால் காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வீசும். தீக்கு அது பின்னிருந்து தள்ளுகிற கை. இரண்டு மேட்டுக்கு நடுவிலே உள்ள ஓடைப்பள்ளம் புகைபோக்கி மாதிரி. அதற்குள் இறங்கி ஒளிந்துகொண்டால் தப்பலாம் என்று பயந்த மனசுக்குத் தோன்றும். அதுதான் இருப்பதற்குள் மோசமான இடம். மேட்டை நோக்கி ஓடினால் தீ நம்மைவிட வேகமாக ஓடும். மனிதன் நிற்கத் தகுந்த இடம் இரண்டே: புல் முளைக்காத வெறும் பாறை, அல்லது ஏற்கெனவே எரிந்து கரிந்துபோன தரை. இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தருவதில்லை. மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிற பையனுக்கு இது தெரியும்.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்று ஒரு பள்ளத்தாக்கு. 1949 ஆகஸ்டு 5ஆம் தேதி அங்கே காட்டுத்தீயை அணைப்பதற்காகப் பாராசூட்டில் குதிக்கிற படையினர் பதினைந்து பேரை இறக்கினார்கள். எல்லாரும் இளைஞர்கள், பயிற்சி பெற்றவர்கள். தீ திடீரென்று ஓடையைத் தாண்டி அவர்கள் இருந்த சரிவின் அடிக்கு வந்துவிட்டது. மேலே ஓடினார்கள். தலைவராக இருந்த வாக்னர் டாட்ஜ் என்பவர், தீ இன்னும் சில கணத்தில் பிடித்துவிடும் என்று கண்டு, ஒரு காரியம் செய்தார். நின்றார். தீக்குச்சியைக் கிழித்துத் தமக்கு முன்னால் இருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்தார். அது எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டு, இங்கே வாருங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். 13 பேர் இறந்தார்கள். டாட்ஜ் எழுந்து வந்தார். பாறை இடுக்கு வழியாக மேலே ஏறிவிட்ட இரண்டு பேர் பிழைத்தார்கள்.

இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது தீயைப் பற்றி அல்ல. அந்த இளைஞர்களுக்கும் அவருக்கும் நடுவே போதிய பழக்கம் இல்லை. பழகாதவர் சொல்லுகிற விசித்திரமான வார்த்தையை உயிர்போகிற சமயத்தில் எவன் கேட்பான்? பயிற்சி பெற்ற படைக்கே இந்தக் கதி என்றால், வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸடியில் அறிமுகமானவர்களைப் பற்றி என்ன சொல்ல? குரங்கணியிலும் சிதறித்தான் ஓடினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இத்தனை பேரை, ஒருவருக்கொருவர் அந்நியர்களாக, மார்ச் மாதத்துப் புல் சரிவில் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று திட்டம் போட்ட புத்தியைக் குற்றம் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. எந்த வழிக்கு அனுமதி வாங்கினார்கள், எந்த வழியில் போனார்கள் என்பதைப் பற்றிப் பின்னால் நிறைய விவாதம் நடந்தது. நடக்கட்டும். அனுமதிச் சீட்டைக் கண்டு தீ விலகிப் போகாது.

அன்று முதலில் அந்தச் சரிவில் ஏறினவர்களில் குரங்கணி ஊர்க்காரர்கள் இருந்தார்கள். இருட்டில், கையில் டார்ச்சோடு ஏறி, வெந்த உடம்புகளைக் கம்பளியில் தூக்கி இறக்கினார்கள். ஹெலிகாப்டர்களின் வேலை மறுநாள் விடிந்த பிறகுதான் சரியாக நடந்தது. பிணம் தூக்குவதற்கு வந்த அந்த மனிதர்களில் ஒருவரை, சனிக்கிழமை காலையிலே, கூலி கொடுத்து, முன்னால் நடக்கச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அவர் ஒருவேளை மேலே போகவேண்டாம் என்றே சொல்லியிருப்பார்.

காணிக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். 1987ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் சிலர் அகஸ்தியர் மலைக் காட்டுக்குள் காணிக்காரர்களை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு நடந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு நாக்குத் தள்ளியது. வழிகாட்டிகள் மட்டும் ஏதோ சிறு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு அலுக்காமல் ஏறினார்கள். அது என்ன என்று விடாமல் கேட்டு, கடைசியில் அந்தச் செடியைத் தெரிந்துகொண்டார்கள். ஆரோக்கியப்பச்சை என்று பெயர். அதிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' என்று ஒரு மருந்து செய்தது. மருந்துக் கம்பெனியிடமிருந்து வந்த உரிமைப் பணத்தில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. உலகம் முழுவதும் இதை எடுத்துக்காட்டாகச் சொல்லுகிறார்கள். வழியில் கிடைத்த பழத்துக்குப் பங்கு கொடுக்க நமக்குத் தோன்றியிருக்கிறது. வழியைக் காட்டுகிறவனின் புத்திக்கு மதிப்புக் கொடுக்கத்தான் இன்னும் தோன்றவில்லை.

நான் வாலிபத்தில் பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு காணிக்காரரோடு நடந்திருக்கிறேன். நாங்கள் நான்கு பேர், அவர் முன்னால். ஓரிடத்தில் நின்றார். காற்றை மோந்து பார்த்தார். பாறை ஒன்றைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். அரைமணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. எங்களில் ஒருவனுக்குப் பொறுமை போய்விட்டது. எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. பிறகு எழுந்து நடந்தார், நாங்களும் நடந்தோம். சற்றுத் தூரத்தில் வழிமேலேயே ஆவி பறக்கும் யானை லத்தி கிடந்தது. யானையை நாங்கள் பார்க்கவில்லை. அன்றைய பிரயாணத்தின் விசேஷமே யானையைப் பார்க்காமல் வந்ததுதான். இதை இன்றைய விளம்பரத்தில் எப்படிப் போடுவார்கள்? காசு கொடுத்தவனுக்குக் காட்சி வேண்டும். காட்சியைத் தவிர்த்துத் தருகிற வழிகாட்டிக்குச் சந்தையில் விலை கிடையாது.

இனி சர்க்காரைப் பற்றி. தீ நடந்ததும் முதல் காரியமாக எல்லா மலையையும் அடைத்தார்கள். அது சர்க்காரின் இயல்பு. கிணற்றில் ஒருவன் விழுந்தால் எல்லாக் கிணற்றுக்கும் மூடி போடுவது. அந்த ஆண்டே விதிகள் வந்தன, சுலபமான வழி, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்தார்கள், கட்டணம் வைத்தார்கள். பிறகு 2024 அக்டோபரில் மாநிலம் முழுவதும் 40 வழிகளை வகுத்து, முன்பதிவு செய்து போகும்படி திறந்துவிட்டார்கள். நம் குமரி மாவட்டத்தில் காளிகேசமும் அதில் உண்டு. மலையோரத்து ஜனங்களையும் பழங்குடியினரையும் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். இது நல்ல காரியம். சர்க்கார் நல்லது செய்தால் அதைச் சொல்லிவிட வேண்டும். அடிக்கடி சொல்லும்படியான சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. சீருடை போட்டுக்கொண்டு முன்னால் நடக்கிற அந்த மனிதருக்கு, "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் உண்டா? விடிகாலை ஐந்து மணிக்குப் பதினைந்து பேர் பணம் கட்டி, லீவு போட்டு, முந்நூறு மைல் தாண்டி வந்து நிற்கிறார்கள். அவர் காற்றை மோந்து பார்க்கிறார். மனசுக்குச் சரியாகப் படவில்லை. காரணம் சொல்லத் தெரியவில்லை. சொன்னால் இவர்களுக்குப் புரியாது. அப்போது அவர் திரும்பிப் போங்கள் என்று சொன்னால், ஏன் எதற்கு என்று கேளாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அவருக்கும் அன்றைக் கூலியைக் கொடுத்து அனுப்புகிற ஏற்பாடு இருக்க வேண்டும். அது இருந்தால்தான் அவர் வழிகாட்டி. இல்லாவிட்டால் அவர் மூட்டை தூக்காத சுமைகூலி. பயிற்சி கொடுக்கிறவர்கள் அவருக்கு இங்கிலீஷில் வணக்கம் சொல்லக் கற்றுக் கொடுப்பதைவிட, வருகிறவர்களுக்கு அவர் சொல்லுக்குக் கட்டுப்படக் கற்றுக் கொடுப்பது அவசியம். கூட்டத்தையும் எட்டுப் பத்துப் பேருக்கு மேல் போகவிடக் கூடாது. முன்னால் நடக்கிறவரின் குரல் கடைசி ஆளுக்குக் கேட்க வேண்டும்; என் கணக்கு அவ்வளவுதான்.

இன்னொன்று, தேதி. பொதுவாகப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீப்பருவம் என்று மலைகளை அடைத்துவைக்கிறார்கள். தேனிக்கும் நீலகிரிக்கும் அது பொருந்தலாம். ஆனால் நம் பக்கத்து மலையின் குணம் வேறு. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள். கடுக்கரையிலும் தடிக்காரன்கோணத்திலும் சாரல், துணி காயாது, வயலில் நாற்று நனைந்து நிற்கும். கணவாயைத் தாண்டி முப்பந்தலுக்குப் போனால் மேகம் மலைமேலேயே நின்றுவிடும். காற்று மட்டும் இறங்கி வரும். அந்தக் காற்றுக்காகத்தான் அங்கே அத்தனை மின்காற்றாடிகளை நட்டிருக்கிறார்கள். காவல்கிணறு, பணகுடிப் பக்கம் மகேந்திரகிரியின் கிழக்குச் சரிவு முழுவதும் அந்த உலர்ந்த காற்றில் நாள்கணக்காக வறண்டு கிடக்கும். ஒரே மலை, ஒரே மாதம், ஒரு பக்கம் முல்லை, ஒரு பக்கம் பாலை. சென்னையில் உட்கார்ந்து மாநிலம் முழுவதற்கும் ஒரே காலண்டரில் கோடு போட்டால் இது எப்படித் தெரியும்? கிழக்குச் சரிவில் எப்போது புல் காய்கிறது, எப்போது தொட்டால் பற்றும் என்பதைப் பணகுடியில் ஆடு மேய்க்கிறவரைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேட்டு எழுதிக்கொண்ட பிறகு அந்தச் சரிவுக்குத் தேதி போடட்டும்.